ஏ.ஐ.யா, ரோபோவா? சேலத்திலிருந்து ஆராய்ச்சிக்குப் போகிறவர்களுக்கு

பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்வு முடிவு வந்த கையோடு சேலத்துப் பையன்கள், பெண்கள் சிலர் போன் செய்வார்கள். "அண்ணா, பிஎச்.டி. போறதுன்னு முடிவு பண்ணிட்டேன். ஏ.ஐ. எடுக்கறதா, ரோபோட்டிக்ஸ் எடுக்கறதா?" கருப்பூர் அரசுப் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தவரானாலும் சரி, தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவரானாலும் சரி, கேள்வி இதுதான். நான் ரோபோட்டிக்ஸ் எடுத்தவன். இன்றைக்குத் தேர்ந்தெடுக்கச் சொன்னாலும் அதைத்தான் எடுப்பேன். ஒரு பக்கம் சாய்ந்த அலசல் இது என்று தெரிந்தே படியுங்கள்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். ஏ.ஐ.யில் வேலை அதிகம், சம்பளம் அதிகம். ஒரு லேப்டாப் இருந்தால் இன்று இரவே தொடங்கலாம். அடிப்படைக் கணக்கு இரண்டுக்கும் பெரும்பாலும் ஒன்றே: நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, கால்குலஸ். உதவித்தொகையிலும் வித்தியாசம் இல்லை. 2023 ஜனவரி முதல் மத்திய அரசு உயர்த்தியபடி முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000. நுழைவில் மட்டும் ஒரு வேறுபாடு உண்டு. ஏ.ஐ.க்கு 2024 முதல் கேட்டில் டேட்டா சயின்ஸ், ஏ.ஐ. என்று தனித் தாளே வந்துவிட்டது. ரோபோட்டிக்ஸுக்குத் தனித் தாள் கிடையாது. மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ் என்று அவரவர் தாளை எழுதி, நேர்காணலில் தேற வேண்டும்.

சரி, இனி முக்கியமான விஷயம். நம் ஊரில் பிஎச்.டி. என்றால் சுமாராக ஐந்து வருடம். எனவே சேரும்போதே கேட்க வேண்டியது: நான் எடுக்கும் கேள்வி ஐந்து வருடம் உயிரோடு இருக்குமா? சம்பளம், அந்தஸ்து எல்லாம் எனக்கு இதற்குப் பிறகுதான்.

ஏ.ஐ.யில் நடந்ததைப் பாருங்கள். 2017இல் கூகுள் ஆய்வாளர்கள் டிரான்ஸ்ஃபார்மர் என்ற வடிவமைப்பை வெளியிட்டார்கள், இன்றைய பெரிய மொழி மாடல்களுக்கு அதுதான் அடித்தளம். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. இடையில் 2019, 2020 வாக்கில் ஒருவர் பிஎச்.டி. சேர்ந்திருந்தால், கட்டுரையைச் சுருக்கித் தருவது, கேள்விக்குப் பதில் தேடுவது, விமர்சனத்தில் இருப்பது பாராட்டா திட்டா என்று பிரிப்பது, இப்படி ஒன்றைத் தலைப்பாக எடுத்திருப்பார். அவர் ஆய்வேட்டை எழுதத் தொடங்கும் நேரத்தில் ஒரே பெரிய மாடல் இத்தனையையும் சேர்த்துச் செய்துகொண்டிருந்தது. அவர் கற்றது வீண் இல்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வியைக் கேட்க ஆள் இல்லாமல் போனது. அந்தப் பெரிய மாடலை அவரே உருவாக்கிப் பார்க்கலாம் என்றால் ஏ.ஐ. கணக்குகளை வேகமாகப் போடும் ஜி.பி.யு. சில்லுகள் ஆயிரக்கணக்கில் வேண்டும். பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் கையளவுதான் இருக்கும். போட்டி உலகின் பெரிய கம்பெனிகளோடு, அதுவும் அவர்கள் வேகத்தில்.

ரோபோட்டிக்ஸில் பழையது அவ்வளவு சீக்கிரம் சாகாது. ரோபோ கையின் மூட்டுகளைக் கணக்கில் எழுத டெனாவிட்டும் ஹார்ட்டன்பெர்க்கும் 1955இல் தந்த முறையை இன்றும் முதல் செமஸ்டரில் படிக்கிறோம். சென்சார் தரும் பிசிறான அளவுகளிலிருந்து எந்திரம் எங்கே இருக்கிறது என்று கணிக்கும் கால்மன் வடிகட்டி 1960இல் வந்தது. அப்போலோ விண்கலத்துக்கு வழிகாட்டியது, இன்றைக்கு டிரோனுக்குள்ளும் இருக்கிறது. ஷேக்கி என்ற ரோபோவுக்கு வழி கண்டுபிடிக்கப் போய் 1968இல் பிறந்த ஏ ஸ்டார் முறையை என் ஜூனியர்கள் இப்போதும் எழுதுகிறார்கள்.

ஏன் இப்படி? ஏ.ஐ. ஓடுவது டேட்டாவில். எழுத்தும் படமும் இணையத்தில் கொட்டிக் கிடந்தன, பெரிய கம்பெனிகள் அள்ளிக்கொண்டன. ஒரு பொருளை எடுக்கும்போது விரல் எவ்வளவு அழுத்தியது, எந்த நொடியில் வழுக்கியது என்பதெல்லாம் இணையத்தில் கிடையாது. ஒவ்வொரு முறையும் ஒரு நிஜ எந்திரம் அசைந்து, தொட்டு, சேகரிக்க வேண்டும். கம்ப்யூட்டருக்குள்ளேயே ரோபோவை ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டரில் செய்யலாமே என்பார்கள். செய்கிறோம். ஆனால் உராய்வு, கியரின் ஆட்டம், கேபிளின் இழுப்பு, தூசு இவையெல்லாம் சிமுலேட்டரில் சரியாக வராது. அங்கே ஓடியது தரையில் இறக்கியதும் தடுமாறும். 2015இல் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்ப்பா நடத்திய ரோபோ போட்டியின் இறுதிச் சுற்றில், உலகின் சிறந்த குழுக்களின் ரோபோக்களே நடக்கும்போதும் கதவைத் திறக்கும்போதும் விழுந்தன. சாட்ஜிபிடியைச் செய்த ஓபன்ஏஐ 2019இல் ரூபிக் கட்டையை ஒற்றைக் கையில் திருப்பித் தீர்க்கும் ரோபோ கையைக் காட்டியது. அந்தக் குழுவையே கலைத்துவிட்டதாக 2021இல் தெரியவந்தது. போதிய டேட்டா கிடைக்காததைத்தான் காரணமாகச் சொன்னார்கள்.

நம் மலையிலேயே உதாரணம் இருக்கிறது. ஏற்காட்டுக் காபித் தோட்டத்தில் ஒரே கிளையில் பச்சைக் காயும் சிவந்த பழமும் சேர்ந்திருக்கும். பழுத்ததை மட்டும் பறிக்க வேண்டும், சில வாரம் கழித்து அதே செடிக்குத் திரும்ப வர வேண்டும். சிவந்த பழத்தைப் படத்தில் கண்டுபிடிக்க ஒரு நியூரல் நெட்வொர்க்கைப் பழக்குவதை இன்றைக்கு இறுதியாண்டு மாணவர் புராஜெக்டாகவே செய்துவிடலாம். அது ஏ.ஐ. பாதி. மிச்சப் பாதியைப் பாருங்கள். சரிவில் ஈர மண், மேலே சில்வர் ஓக் நிழல், மரங்களுக்குக் கீழே ஜி.பி.எஸ். சரியாக எடுக்காது, மூடுபனி வந்தால் கேமரா மங்கும். அங்கே நிற்க எந்திரத்துக்குச் சக்கரமா, காலா? பக்கத்துக் காய் உதிராமல், கிளை முறியாமல் பழத்தை மட்டும் எப்படித் திருகி எடுப்பது? பறிக்கிற பெண்கள் யோசிக்காமல் செய்யும் இந்த வேலைக்கு நம்மிடம் நல்ல விடை இல்லை. ஐந்து வருடம் கழித்தும் இந்தக் கேள்வி அங்கேயே இருக்கும் என்று நம்பித் தலைப்பு எடுக்கலாம். பக்கத்திலேயே சில்வர் ஓக்கில் ஏறிக் கிடக்கும் மிளகுக் கொடி இன்னும் கடினம்.

ரோபோவில் கஷ்டம் இல்லாமல் இல்லை. மோட்டார் கருகும், ஆர்டர் போட்ட பாகம் வாரக்கணக்கில் வராது. ஏ.ஐ. நண்பர் இரண்டு மூன்று கட்டுரை வெளியிடும் காலத்தில் நமக்கு ஒன்று வந்தால் பெரிது. மென்பொருளும் மாறும்: ரோபோக்களை ஓட்டப் பலரும் பயன்படுத்தும் ராஸ் மென்பொருளின் முதல் தலைமுறைக்கு 2025 மே மாதத்தோடு ஆதரவு முடிந்தது, பழைய புரோகிராம்களையெல்லாம் ராஸ் 2க்கு மாற்ற வேண்டியிருந்தது. ஆனால் உடைந்த பாகம் விஷயத்தில் சேலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பலம் உண்டு. லேத் பட்டறைக்கு நடுவில் வளர்ந்தவர்கள். படம் வரைந்து பட்டறைக்காரரிடம் கொடுத்து, எந்த இடத்தில் தடிமன் வேண்டும் என்று அவரிடமே கேட்டுத் திருத்தி, பாகத்தை வாங்கி வரத் தெரியும். பெரிய நகரத்து ஆய்வுக்கூடங்களில் இந்தப் பழக்கம் எவ்வளவு அரிது என்று போன பிறகுதான் தெரியும்.

என் வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. 2023இல் கூகுள் டீப்மைண்ட் ஆர்.டி. 2 என்ற மாடலைக் காட்டியது. படமும் வார்த்தையும் படித்த பெரிய மாடல் நேரடியாக ரோபோவுக்குக் கட்டளை கொடுக்கும். இந்தப் பாதை வளர்ந்தால் ரோபோட்டிக்ஸிலும் சில தலைப்புகள் வேகமாகப் பழசாகும். எனவே மேசைமேல் இருக்கும் டப்பாவை எடுத்து வைப்பது போன்ற தலைப்புகளைத் தவிருங்கள். மண், சரிவு, ஈரம், தொடுகை உள்ள பக்கம் போங்கள்.

அதே கணக்கில் ஏ.ஐ.யிலும் நல்ல இடம் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் ஏஐ4பாரத் குழு இந்திய மொழிகளுக்கான டேட்டாவையும் மாடல்களையும் உருவாக்குகிறது. சேலத்துச் சந்தையில் பேசும் தமிழைப் புரிந்துகொள்ளும் பேச்சறி மென்பொருள் வேண்டும் என்றால், அந்தப் பேச்சும் இணையத்தில் கொட்டிக் கிடக்கவில்லை, போய்த்தான் சேகரிக்க வேண்டும். மொழியில் ஆசை உள்ளவர்கள் தயங்காமல் அங்கே போகலாம்.

படிப்புக்குப் பிறகான வேலை பற்றிக் கொஞ்சம்தான் சொல்ல முடியும், கம்பெனி ஆய்வுக்கூடத்தில் நான் இருந்ததில்லை. ஏ.ஐ. முடித்தவர்களுக்குக் கதவுகள் சீக்கிரம் திறப்பதாக சீனியர்கள் சொல்கிறார்கள். ரோபோட்டிக்ஸுக்கு அரசுப் பக்கம் பெங்களூரில் பாதுகாப்புத் துறை ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் கேர் ஆய்வகம் 1986 முதல் இருக்கிறது, ஏ.ஐ., ரோபோட்டிக்ஸ் இரண்டுக்கும் சேர்த்துத் தொடங்கியது. மலக்குழியில் மனிதர் இறங்காமல் சுத்தம் செய்ய பேண்டிகூட் ரோபோவைச் செய்த திருவனந்தபுரம் ஜென்ரோபோட்டிக்ஸ் போன்ற இளம் கம்பெனிகளும் இருக்கின்றன. நான் போக விரும்புவது அந்த மாதிரி இடத்துக்குத்தான்.

எதை எடுத்தாலும் சேரும் முன் ஒரு வேலை செய்யுங்கள். அந்தப் பேராசிரியரிடம் சமீபத்தில் முடித்தவர்களின் ஆய்வேடுகளை வாங்கிப் பார்த்து, அவர்கள் தொடங்கிய கேள்விக்கு இன்று யார் பதில் தேடுகிறார்கள் என்று கேளுங்கள். ரோபோ ஆய்வுக்கூடமாக இருந்தால் இன்னொன்றும் கேளுங்கள்: ஒரு மோட்டார் எரிந்தால் புதிது வர எத்தனை நாள் ஆகும்? இந்தக் கேள்வியை அங்கே படிக்கும் மாணவரிடம், டீக்கடையில் வைத்துக் கேளுங்கள்.