நெல்லைத் திருமண்டலமும் கொழும்பு மறைமாவட்டமும்

திருமண்டலம், மறைமாவட்டம் இரண்டுமே ஒரு பேராயரின் ஆளுகைப் பகுதியைக் குறிப்பவை. இரண்டும் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) வேரில் முளைத்தவை. பட்டத்தில் மூத்தது கொழும்பு: சென்னைப் பேராயரின் கீழிருந்த இலங்கை 1845இல் தனி மறைமாவட்டமாகி, ஜேம்ஸ் சாப்மன் முதல் பேராயரானார்.

நெல்லையில் கதை தலைகீழ். பாளையங்கோட்டையில் குளோரிந்தா என்ற பெண்மணி கட்டிய ஆலயம் 1785இலேயே எழுந்துவிட்டது, திருமண்டலமோ 1896இல்தான். இடையில், 1877இல், கால்டுவெல், சார்ஜென்ட் என இரண்டு உதவிப் பேராயர்கள்! ஒருவர் எஸ்.பி.ஜி., மற்றவர் சி.எம்.எஸ்.; இரண்டும் தனித்தனி ஆங்கிலிக்கன் மிஷன் சங்கங்கள். ஒரே சீமைக்குள் மிஷன் எல்லைக்கோடு எவ்வளவு ஆழம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

1947இல் நெல்லை, பல சபைகள் ஒன்றிணைந்த தென்னிந்தியத் திருச்சபையில் கலந்தது. பேராயர் நியமனத்தில் அந்தத் திருச்சபையின் தலைமை மன்றமான சினாட்டின் கையே ஓங்கியிருக்கிறது. கொழும்பு ஆங்கிலிக்கனாகவே நின்றது, 1970 முதல் இங்கிலாந்தின் கேன்டர்பரி பேராயரின் நேரடி மேற்பார்வையில். 1950இல் அதிலிருந்து குருநாகல் பிரிந்தது. நெல்லையிலிருந்து தூத்துக்குடி–நாசரேத் பிரிய 2003 ஆயிற்று.

அன்றாட நிர்வாகத்தில் நெல்லையின் உயிர்நாடி சேகரம். ஒரு சேகர குருவின் பொறுப்பில் பல சிற்றூர்ச் சபைகள். அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வந்த சேவலும் வாழைத்தாரும் ஆலய வாசலில் ஏலம் போகும். கொழும்பிலோ பேராயருக்குத் துணையாக நிர்வாகம் பார்க்கும் மூத்த குருக்களான ஆர்ச்டீக்கன்கள், தமிழ், சிங்களம், ஆங்கிலம் என மும்மொழி ஆராதனை. ஊர்ப் பிடிப்பில் நெல்லைக்கே என் ஓட்டு. மொழிகளைச் சேர்த்து நடத்துவதில் கொழும்பு ஒரு படி மேல்.