கரையா, காடா, மலையா: காரைக்குடியிலிருந்து சைக்கிள் மிதிக்க எந்தப் பக்கம்?

மௌண்டன் பைக் வாங்கிய மறுநாளே வீட்டில் கேட்டார்கள், "மௌண்டன் எங்கடா இருக்கு?" என்று. செட்டிநாட்டில் நியாயமான கேள்விதான். கைகாட்ட இருப்பது குன்றக்குடி. அது முருகன் இருக்கும் பாறை, படியேறிக் கும்பிட்டு இறங்கும் இடம். ஆறு என்றால் தேனாறு. வருஷத்தில் பாதி நாள் அதைத் தாண்டினால் செருப்புகூட நனையாது. பள்ளத்தாக்கு, சோலை, சரிவு என்று வீடியோக்களில் பார்ப்பதையெல்லாம் இங்கே தேடினால் ஏமாற்றம்தான்.

ஆனால் மண்பாதைக்குப் பஞ்சமில்லை. சுற்றிப் பார்த்ததில் திரும்பத் திரும்பப் போகும்படி மூன்று திசைகள் தேறின. திருப்பத்தூர்ப் பக்கக் கண்மாய்க் கரைகள், அரிமளம் தைலமரக் காடு, பிரான்மலை அடிவாரம். வெளிநாடுகளில் பச்சை, நீலம், கறுப்பு என்று நிறம் கொடுத்துப் பாதையைத் தரம் பிரிப்பார்கள். நம் பக்கம் அந்தக் கணக்கு உதவாது. முள் எவ்வளவு, மணல் எவ்வளவு, வெயில் எப்போது சுடத் தொடங்கும், இதுதான் இங்கே தரம்.

கரையை முதலில் சொல்கிறேன், தொடங்குகிறவர் எவரும் அங்கேதான் தொடங்க வேண்டும். குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, சிராவயல் தாண்டித் திருப்பத்தூர் போகும் வழியில் தார்ச்சாலையை விட்டு எந்தப் பக்கம் இறங்கினாலும் ஏதாவது ஒரு கண்மாயில் போய் முட்டும். ஒரு கண்மாயின் மறுகால், அதாவது நிறைந்து வழியும் தண்ணீர், அடுத்த கண்மாய்க்கு வரத்து. அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டே போனால் வரைபடமே வேண்டாம். கரையின் மேலே ஓர் ஆள் நடக்கும் அகலத்துக்கு ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் வயல். மடை வருகிற இடத்தில் கல்தூண்களை ஒட்டிப் பாதை சுருங்கும். ஹேண்டில்பார் அகலமாக இருந்தால் இடிக்கும். கலுங்கில், அதாவது மிகுதித் தண்ணீர் வழியும் கல்கட்டில், கரை முடிந்து கற்களின் மேல் இறங்கி ஏற வேண்டும். முன்சக்கரத்தைத் தூக்கி வைக்கவும் பெடலைக் கல்லில் அடிக்காமல் மிதிக்கவும் நான் கற்றுக்கொண்டது அந்தக் கலுங்குகளில்தான். களைத்தால் கரையோர அய்யனார் கோயிலில் மண்குதிரைகளுக்குப் பக்கத்தில் உட்காரலாம்.

கரையின் எதிரி சீமைக்கருவை. முள் இரண்டு அங்குலம் வரை நீளும், காய்ந்தால் ஆணிதான். முதல் வருஷம் சாதாரண டியூப் போட்டு ஓட்டினேன். மார்கழியில் ஒரு காலை, பின் டயர் உட்கார்ந்துவிட்டது. எண்ணிப் பார்த்தால் ஏழு முள். பங்க்சர் ஒட்டு நான்குதான் கையில் இருந்தது. மாட்டை ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் நின்று பார்த்தார்.

"என்ன தம்பி, வண்டி படுத்துருச்சா?"

"ஆமாங்கய்யா, முள்ளு."

"கரையில கருவைய வெட்டிப் போட்டிருக்காகல்ல. கீழ இறங்கி வயக்காட்டு வழியா உருட்டிட்டுப் போங்க, ரோட்டுக்குப் போயிரலாம்."

உருட்டிக்கொண்டு போனேன். அந்த வாரமே டியூப்லெஸுக்கு மாறினேன். உள்ளே ஊற்றுகிற சீலண்ட் பால் மாதிரி; முள் குத்திய ஓட்டையில் கசிந்து அங்கேயே உறைந்து அடைத்துவிடும். வழியில் டயரில் முள் குத்தியிருப்பதைப் பார்த்தால் பிடுங்காதீர்கள், முனை மட்டும் தெரிந்தால் அப்படியே விட்டு வீட்டுக்கு வந்து பாருங்கள். நம் வெயிலுக்கு சீலண்ட் சீக்கிரம் காய்ந்துவிடும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊற்றத்தான் வேண்டும்.

மழைக்காலத்தில் கரை வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் உள்வாய்க் களிமண் டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே அடைத்துக்கொள்ளும், சக்கரம் சுற்றாது. குச்சி வைத்துக் குடைந்தே நேரம் போகும். அப்புறம் அது காய்ந்தால் மாட்டுக் குளம்புத் தடம் அப்படியே இறுகிப் போய், பல் கிடுகிடுக்கும். தையில் தொடங்கிப் பங்குனி வரைதான் கரைக்குக் காலம். தை மூன்றாம் நாள் மட்டும் சிராவயல் பக்கம் போகாதீர்கள், மஞ்சுவிரட்டுக் கூட்டத்தில் சைக்கிளைத் தலையில்தான் தூக்க வேண்டும்.

கரைப்பாதையில் இன்னும் மேற்கே போகிறவர்களுக்கு ஒன்று. கொள்ளுகுடிப்பட்டியில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது, 38.4 ஹெக்டேர், 1977-இல் அறிவித்தது. பறவைகள் மிரளும் என்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடிகூடப் போடுவதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் நாம் டயர் சத்தத்தோடு போய் நத்தைக்குத்தி நாரைகளைக் கிளப்பி விடுவது அழகல்ல. சைக்கிளைச் சாலையோரம் பூட்டிவிட்டு நடந்து போய்ப் பாருங்கள்.

காடு வேறு மாதிரி. அரிமளம் பக்கம் போனால் முள்ளே கிடையாது, அதற்கே பாதி மதிப்பெண். செம்மண், அதன் மேல் சரளை. மழை பெய்த மறுநாள் டயர் அப்படிப் பிடிக்கும். கரையில் களி அடைக்கும் அதே கார்த்திகையில் இங்கே மண் ஓட்ட ஏற்ற பதத்தில் இருக்கும். நேர்கோட்டில் நட்ட தைலமரங்கள், நடுவே வண்டித்தடம், இலை மிதிபடும்போது தலைவலித் தைல வாசனை. கோடையில் அந்த இலைதான் ஆளைக் கவிழ்க்கும். திருப்பத்தில் பிரேக் பிடித்தால் பின்சக்கரம் தானாக ஒரு பக்கம் போகும். நிழல் என்று பெயர்தான், தைலமரத்து நிழல் சல்லடை நிழல். எட்டு மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும். உள்ளே குடிக்கத் தண்ணீர் கிடையாது, கையோடு இரண்டு லிட்டர் இருக்கட்டும். ஊர்ப் பொதுத் தடத்தை விட்டு உள்ளே போக வனத்துறையிடம் அனுமதி வாங்குங்கள்.

காட்டின் பெரிய சுகம், மரவரிசைகளுக்குக் குறுக்கே வெட்டிய வரப்பும் குழியும். முழங்கால் உயர வரப்பில் ஏறி, குழியில் இறங்கி, மறுபடி ஏறி... பெடலே மிதிக்காமல் உடம்பை அமுக்கித் தூக்கியே பத்து வரப்பு தாண்டலாம். காசு கொட்டிக் கட்டும் பயிற்சித் திடல்களில் இருப்பது இதுதான். ஆனால் அந்த வரப்பு சைக்கிளுக்காகப் போட்டதல்ல, மழைத் தண்ணீரை மரத்துக்குப் பிடித்து வைக்கப் போட்டது. தண்ணீர் அங்கேயே நின்றுவிடுகிறது, கண்மாய்க்கு வரத்து இல்லை என்பது அந்தப் பக்கத்து விவசாயிகள் பல வருஷமாகச் சொல்லும் குறை. கரையில் ஓட்டியவனுக்கு அது உறைக்கும். நான் குஷியாகத் தாண்டும் வரப்பு எந்த ஊர்க் கண்மாயைக் காயப்போடுகிறதோ என்ற நினைப்பு வந்துவிட்டால், அன்றைக்குச் சவாரி கொஞ்சம் மந்தம்தான்.

மலை பற்றிச் சுருக்கமாக. பிரான்மலை காரைக்குடியிலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல். சிங்கம்புணரி வரை தார்ச்சாலை. பாரியின் பறம்புமலை இதுதான் என்பார்கள், சம்பந்தர் பாடிய கொடுங்குன்றம். உச்சி ஏறத்தாழ 2500 அடி. ஆசைப்பட்டு மேலே ஏற்றலாம் என்று நினைக்காதீர்கள். பாறையும் படியுமான நடைவழி, சைக்கிள் உங்கள் மேல் ஏறி வரும். பூட்டி வைத்துவிட்டு உச்சித் தர்காவரை நடந்து ஏறுங்கள், அது தனிச் சுகம். ஓட்ட வேண்டியது அடிவாரத்தில். மலையின் கால்மாட்டில் தரை மெல்ல எழும்பித் தாழும், தென்னந்தோப்புகளுக்கு இடையே மண்தடம். செட்டிநாட்டுச் சமவெளியில் துருப்பிடித்துக் கிடக்கும் சின்ன கியர்களுக்கு அங்கேதான் வேலை. முள் குறைவு, இளநீர் உண்டு. தொல்லை எதிர்பாராத இடத்தில் வந்தது. சிங்கம்புணரி கயிற்றுக்குப் பேர்போன ஊர், தேங்காய் நார் வழியெல்லாம் காயும். அதன் ஓரமாக ஒதுங்கி ஓட்டியதில் என் வண்டியின் பின் கியர் சக்கரத்தில் நார் சுற்றிக்கொண்டு, பிரித்தெடுக்க முக்கால் மணி நேரம். ஒரு பேனாக்கத்தி வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்ட்டெயில் மூன்றுக்கும் போதும். எனக்கு விற்ற கடையில் இரு பக்க சஸ்பென்ஷன்தான் வேண்டும் என்று அடித்துச் சொன்னார்கள். செம்மண் தூசி பேரிங் ஒவ்வொன்றிலும் புகுந்து கிறீச்சிட்டதுதான் மிச்சம். ஒரே வருஷத்தில் விற்றுவிட்டேன். 2.2 அங்குல டயர் போடுங்கள். டியூப்லெஸில் காற்று கரைக்கும் மலைக்கும் 25 பிஎஸ்ஐ, மணல் மிதக்கும் காட்டுத் தடத்துக்கு அதைவிட இரண்டு மூன்று குறைவு. என் எடை எழுபது சொச்சம், உங்களுக்கு ஏற்றபடி கூட்டிக் குறையுங்கள்.

புதிதாக வருகிறவரை நான் கரைக்குத்தான் கூட்டிப் போவேன். விழுந்தாலும் நெல் வயல், பக்கத்தில் ஊர், திரும்பி வந்தால் காரைக்குடியில் சூடாக வெள்ளைப் பணியாரமும் காரச்சட்னியும். வெளியூர் நண்பர் ஒரே நாள் வந்திருந்தால் பிரான்மலை. காரில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு சிங்கம்புணரி வரை போய் இறங்கினால் தார்ச்சாலை அலுப்பு மிச்சம். தனியாக, யாருக்கும் காட்ட வேண்டியதில்லாமல் ஓட்ட என்றால், மனம் உறுத்தினாலும் காடுதான். நேற்று ராத்திரி அரிமளம் பக்கம் நல்ல மழையாம். காலையில் ஐந்தரைக்குக் கிளம்புகிறேன்.