வீணைக்கு எது தோது: பதிவுப் பாடமா, நேரலையா, நேரில் போவதா?

நாற்பது வயதுக்கு மேல் வீணை கற்க ஆசைப்பட்டால் முதல் சிக்கல் வாத்தியம் அல்ல, ஆசிரியர். எங்கள் ஊரில் கீபோர்டு சொல்லித்தர நாலு பேர் உண்டு. வீணை என்றதும் எல்லோரும் கையை விரித்தார்கள். அதனால் மூன்று வழியையும் பார்த்துவிட்டேன்: காசு கட்டி வாங்கிய பதிவுப் பாடம், வாரம் இருமுறை வீடியோ அழைப்பில் வகுப்பு, விடுமுறைக்கு விடுமுறை தஞ்சாவூர் போய் ஆசிரியர் முன்னால் உட்காருவது.

பதிவுப் பாடத்தின் சுகம் தனி. ராத்திரி பதினோரு மணிக்கும் பாடம் நடக்கும், ஒரே வரியை இருபது தடவை போட்டாலும் யாரும் அலுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆரம்பப் பயிற்சிகளான சரளி வரிசை, ஜண்டை, ஏழு அலங்காரம் வரைக்கும் ஓரளவு சமாளிக்கலாம். எல்லாம் மாயாமாளவகௌளை ராகத்தில், பெரும்பாலும் மெட்டில் (தந்திக்கு அடியில் குறுக்கே இருக்கும் உலோகக் கட்டையில்) விரலை வைத்து நேராக மீட்டுகிற சுரங்கள்தானே. ஆனால் நீங்கள் செய்யும் தப்பு அதற்குத் தெரியாது. நான் மூன்று மாதம் மெட்டை விட்டு ரொம்பத் தள்ளி அழுத்திக்கொண்டிருந்தேன். நேரில் பார்த்த ஆசிரியர் அதை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்தார். பழகிய விரலை மாற்றத்தான் அரை வருடம் ஆனது.

அப்புறம் மேளம், அதாவது மெட்டுகளைச் சுரம் பிசகாமல் மெழுகில் பதிக்கிற வேலை. வீணையின் 24 மெட்டுகளும் தண்டியின் (நீண்ட கழுத்துப் பகுதியின்) மேல் மெழுகில் பதிந்தவை. என் வீணை மே மாத வெயிலில் பார்சலில் வந்தது. மெழுகு இளகி, இரண்டு மெட்டுகள் சாய்ந்திருந்தன. பதிவுப் பாடமோ ‘சுருதி சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரே வரியில் கடந்து போய்விட்டது. செல்போன் டியூனரில் வெறும் தந்தி சரியாகத்தான் காட்டியது. மேலே போகப் போக அபஸ்வரம். நேரலை ஆசிரியர் கேட்ட மாத்திரத்தில் எந்த மெட்டு என்று சொல்லிவிட்டார். ஆனால் திரைக்கு அந்தப் பக்கமிருந்து மெழுகைத் தொட முடியுமா?

நேரலையில் வேறு தொல்லை. வீடியோ அழைப்புச் செயலிகள் மனிதப் பேச்சுக்காக உருவானவை. தம்புரா ஒலியையும், மீட்டிய பிறகு நீளும் வீணையின் கார்வையையும் இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும். ஜூமில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்றொரு அமைப்பு இருக்கிறது. அதைப் போட்டு, ஹெட்போனும் மாட்டிய பிறகுதான் ஆசிரியர் வாசிப்பது வீணை என்றே எனக்குப் பட்டது. தாமதத்துக்கு மட்டும் வழியில்லை. முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், சுரத்துக்கு ஒரு நொடி என்றால் அதைப்போல் நாலு மடங்கு வேகமான மூன்றாம் காலத்தில் கால் நொடி. ஒலி வந்து சேர அதே கால் நொடி ஆனால் நான் முழுசாக ஒரு சுரம் பின்னால் நிற்பேன். ஆகவே சேர்ந்து வாசிப்பது என்பதே கிடையாது. அவர் வாசிப்பார், நிறுத்துவார், நான் வாசிப்பேன். நேரில் உட்கார்ந்தால் இரண்டு வீணையும் ஒன்றாக ஓடும், தடுமாறினாலும் அவருடைய வாசிப்பு என்னை இழுத்துக்கொண்டு போய்விடும்.

ஆனாலும் கமகம், அதாவது சுரத்தை அசைத்து வாசிப்பது, என்று வந்துவிட்டால் நேரலை பதிவுப் பாடத்தைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுகிறது. தோடி ராகத்தின் காந்தாரத்தை (‘க’ என்ற சுரத்தை) அதற்குரிய மெட்டிலேயே வைத்துச் சும்மா மீட்டினால் தோடி வராது. அதற்குக் கீழ்ச் சுரமான ரிஷபத்தின் மெட்டில் விரலை வைத்துத் தந்தியை இழுத்து அசைக்க வேண்டும். நோட்டில் இருப்பதோ வெறும் ‘க’. 1904இல் எட்டயபுரத்தில் அச்சான ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்ற நூலில் சுப்பராம தீட்சிதர் கமகங்களுக்கென்றே தனிக் குறிகள் போட்டார். அந்தக் குறிகளைப் படிக்கவும் ஒருமுறையாவது காதால் கேட்டிருக்க வேண்டும். திரையில் தந்தி நகருவது தெரிகிறது, எவ்வளவு அழுத்தம் என்பது தெரிவதில்லை. “இழுங்க, இன்னும் கொஞ்சம்... ஆங், அங்கேயே நில்லுங்க” என்று ஒருவர் சொன்னால்தான் விரலுக்குப் புரிகிறது.

பதிவு என்றாலே மட்டம் என்று சொல்லவில்லை. வீணை தனம்மாள் 1938இல் காலமானார். மீட்டு (விரலில் மாட்டும் கம்பி) இல்லாமல் வெறும் நகத்தால் அவர் வாசித்த, சில நிமிடமே ஓடும் இசைத்தட்டுகளை இன்று இருந்த இடத்திலிருந்தே கேட்க முடிகிறது. வேறு பாணிக்காரரான காரைக்குடி சாம்பசிவ ஐயரின் வீணை வாசிப்பைப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள், ஒரே வாத்தியமா என்று தோன்றும். அந்தக் காலத்தில் ஒரு பாணிக்காரர் வீட்டில் கற்றவருக்கு இன்னொரு பாணி இவ்வளவு சுலபமாகக் காதில் விழுந்திருக்காது. ஆனால் இணைய வகுப்பு விளம்பரங்களில் ‘நாங்கள் இந்தப் பாணி’ என்று சொல்பவர்கள் குறைவு. சேருமுன் அதைக் கேட்டுவிடுங்கள். ஒருவரிடம் வர்ணம், இன்னொருவரிடம் கீர்த்தனை என்று தாவினால் கை இரண்டுங்கெட்டானாகிவிடும்.

என்னைக் கேட்டால், உட்காரும் முறையும் விரல் வைப்பும் படிகிற வரை, இரண்டு மூன்று மாதமாவது, எப்பாடுபட்டாவது நேரில் போங்கள். பிறகு நேரலை போதும். பதிவுப் பாடத்துக்குக் கட்டிய காசு எனக்கு வீண்தான். இசைத்தட்டுகளை இலவசமாகவே கேட்கிறேன்.

அடுத்த மாதம் மேளம் கட்ட வீணையைத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோகிறேன். அப்படியே ஆசிரியர் வீட்டில் நாலு நாள். பஸ்ஸில் வீணைக்கும் ஒரு சீட் எடுத்தாயிற்று. இந்த முறை பார்சல் இல்லை.