பூச்சீட்டுக்கு எது தோது: மல்ட்டிவேல்யூவா, போஸ்ட்கிரெஸா?

மச்சானுக்குத் தோவாளையில் பூ கமிஷன் கடை. பொழுது விடியுமுன்பே பாதி வியாபாரம் முடிந்துவிடும். ஒரு சீட்டில் ஒரே ஆள் பெயரில் பிச்சி நாலு கிலோ, அரளி மூன்று, கேந்தி இருபது என்று வரி வரியாக இருக்கும். எல்லாப் பூவுக்கும் விலை உடனே முடிவாகாது. சில வரிகளில் விலையைக் காலியாக விட்டுவிட்டுப் பிறகுதான் நிரப்புவார்கள். “இதைக் கம்ப்யூட்டர்ல ஏத்தித் தாங்க அத்தான்” என்றான்.

நாகர்கோவிலில் வீட்டில் இருந்தபடியே ஒரு வெளிநாட்டு மொத்த வியாபாரியின் மல்ட்டிவேல்யூ (ஒரே கட்டத்துக்குள் பல மதிப்புகளை அடுக்கி வைக்கும் பழைய பாணி டேட்டாபேஸ்) சிஸ்டத்துக்கு வைத்தியம் பார்ப்பதுதான் என் பிழைப்பு. அதனால் கை தானாக அந்தப் பக்கம்தான் போகும். ஆனாலும் ஓரவஞ்சனை கூடாது என்று, ஓப்பன்க்யூஎம் என்ற மல்ட்டிவேல்யூ டேட்டாபேஸிலிருந்து கிளைத்த ஸ்கார்லெட்டிஎம்இயிலும், எல்லாவற்றையும் டேபிள்களாக அடுக்கும் எஸ்க்யூஎல் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸிலும் அதே சீட்டை எழுதிப் பார்த்தேன். இரண்டுக்கும் காசு கிடையாது.

மல்ட்டிவேல்யூவில் ஒரு சீட்டு என்பது ஒரே ரெக்கார்டு. மூன்றாம் ஃபீல்டில் பூக்கள், நான்கில் கிலோ, ஐந்தில் விலை. ஃபீல்டுகளை 254ஆம் குறி பிரிக்கும், ஒரு ஃபீல்டுக்குள் இருக்கும் வேல்யூக்களை 253 பிரிக்கும், அதற்கும் உள்ளே போனால் 252. சீட்டு<3,2> என்று கேட்டால் அரளி வந்து நிற்கும். காகிதச் சீட்டு எப்படியோ அப்படியே ரெக்கார்டும். போஸ்ட்கிரெஸில் இதற்குத் தலைப்புக்கு ஒரு டேபிள், வரிகளுக்கு ஒரு டேபிள், நடுவே ஒரு சாவி. பலர் நினைப்பதுபோல மல்ட்டிவேல்யூ என்பது எஸ்க்யூஎல்லை அரைகுறையாகக் காப்பியடித்த சரக்கு அல்ல. அமெரிக்க ராணுவத்தின் ஷையான் ஹெலிகாப்டர் உதிரிபாகக் கணக்குக்காக டிக் பிக், டான் நெல்சன் போன்றோர் 1960களில் தொடங்கிய வேலை அது. எஸ்க்யூஎல்லுக்கு அடிப்படையான ரிலேஷனல் முறையைப் பற்றி எட்கர் காட் கட்டுரை வெளியிட்டது 1970இல்தான்.

சரி, தொல்லைகளுக்கு வருவோம். முதல் நாளே ஒன்றில் மாட்டினேன். வரிகளைச் சேர்க்க, பழக்க தோஷத்தில் சீட்டு<5,-1> = விலை என்று எழுதியிருந்தேன். மைனஸ் ஒன்று என்றால் கடைசியில் சேர் என்று அர்த்தம். முதல் வரி பிச்சி, விலை முடிவாகவில்லை, ஆகவே காலி. காலியான ஃபீல்டில் காலியைச் சேர்த்தால் எதுவுமே சேராது, பிரிக்கும் குறிகூட விழாது. அடுத்து அரளிக்கு 180 என்று போட்டதும் அது முதல் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. பிச்சி கிலோ 180 ரூபாய், அரளிக்கு விலையே இல்லை! மச்சான் பார்த்திருந்தால் அன்றைக்கே என்னைக் கடையை விட்டு இறக்கியிருப்பான். மைனஸ் ஒன்றை விட்டுவிட்டு, வரி எண்ணை நாமே எண்ணி சீட்டு<5,வரி> = விலை என்று எழுதினால் தீர்ந்தது. ஒரு வரியை அழிக்கும்போதும் பூவை மட்டும் அழித்தால் போதாது, கிலோவையும் விலையையும் அதே இடத்தில் அழிக்க வேண்டும். போஸ்ட்கிரெஸில் இந்தத் தலைவலி பிறக்கவே வழியில்லை. காலி விலை அந்தந்த வரியிலேயே ‘நல்’ (மதிப்பு இல்லை என்ற குறி) ஆகக் கிடக்கும், பக்கத்து வரிக்கு நகராது. இந்தச் சுற்று அதற்குத்தான்.

அடுத்தது கேள்வி கேட்பது. பத்துக் கிலோவுக்கு மேல் அரளி வந்த சீட்டுகள் வேண்டும். வித் பூ = அரளி, வித் கிலோ > 10 என்று கேட்டேன். மேலே சொன்ன சீட்டும் வந்தது, அதில் அரளி மூன்றே கிலோ. அரளியும் இருக்கிறது, பத்துக்கு மேல் ஒரு கிலோவும் (கேந்தி இருபது) இருக்கிறது, ஆகவே சீட்டு தேறிவிட்டது. வித் என்பது எந்தச் சீட்டு என்று பொறுக்கும், அந்தச் சீட்டில் எந்த வரி என்று பொறுக்க வென் வேண்டும். அதற்கும் பூ, கிலோ, விலை மூன்றும் ஒரே கூட்டு என்று, ஃபீல்டுகளின் விவரம் எழுதி வைக்கும் கோப்பான டிக்‌ஷனரியில் முன்பே கட்டி வைத்திருக்க வேண்டும். பழைய சிஸ்டங்களில் ரிப்போர்ட் தப்பு என்று யாராவது சொன்னால் நான் முதலில் திறப்பது புரோகிராமை அல்ல, டிக்‌ஷனரியை.

இதில் எஸ்க்யூஎல்காரர்கள் சிரிக்க வேண்டாம். மச்சான் ஒரு விவசாயிக்கு 500 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்திருந்தான். தலைப்பு டேபிளையும் வரி டேபிளையும் சேர்த்து அட்வான்ஸைக் கூட்டினேன். மூன்று வரிக்கும் தலைப்பு மூன்று முறை வந்து 1,500 ஆகிவிட்டது. மல்ட்டிவேல்யூவில் ஒரு ரெக்கார்டு ஒரு முறைதான், 500 என்றால் 500தான்.

அப்புறம் ஓணம். அந்தச் சமயத்தில் தோவாளையில் ராத்திரி முழுக்க வியாபாரம், கேரளத்துக்கு லோடு லோடாகப் போகும். இரண்டு பேர் ஒரே கணக்கில் கை வைப்பது நிச்சயம். மல்ட்டிவேல்யூவில் வெறும் ரீட் போட்டுப் படித்து, பாக்கியைக் கூட்டி, ரைட் போட்டால் தடுக்க ஆளில்லை. கடைசியாக எழுதினவன் ராஜா, முன்னவன் எழுதியது போச்சு. படிக்கும்போதே ரெக்கார்டைப் பூட்டும் ரீட்யூ போட வேண்டும், ஏற்கெனவே வேறொருவர் பூட்டியிருந்தால் என்ன செய்வது என்று சொல்லும் லாக்டு பகுதியும் அதில் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் இரண்டாவது ஆளின் திரை அப்படியே நின்றுவிடும், மெஷின் தொங்கிப்போச்சு என்று போன் வரும். அப்போது லிஸ்ட்.ரீட்யூ அடித்துப் பார்த்தால் எந்த ரெக்கார்டை யார் பிடித்திருக்கிறார்கள் என்று தெரியும். பெரும்பாலும் ஒருவர் சீட்டைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார். ஆள் தட்டச்சு செய்யும் நேரம் முழுக்க லாக்கைப் பிடித்து வைக்கும் புரோகிராமைத் திருத்துவதுதான் மருந்து. இன்னொன்று, இல்லாத ரெக்கார்டை ரீட்யூ செய்தாலும் லாக் விழும். ரெக்கார்டு இல்லையென்றால் ஓடும் எல்ஸ் பகுதியில், பூட்டைத் திறக்கும் ரிலீஸ் போட மறந்தவர்கள் இதை நன்றாக அறிவார்கள். புதுச் சீட்டு எண்ணைப் பிடித்து வைக்க அதுவே வசதி என்பது வேறு விஷயம். போஸ்ட்கிரெஸில் இல்லாத வரியைப் பூட்ட முடியாது. ஆனால் பாக்கி = பாக்கி + 400 என்று ஒரே அப்டேட்டில் முடித்துவிட்டால் பாதித் தகராறு அங்கேயே அடங்கிவிடும்.

தமிழில்தான் பெரிய கூத்து. மச்சானின் பாக்கிப் பட்டியல் திஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டில் அடித்த கோப்பில் இருந்தது. அதை ஸ்கார்லெட்டில் ஏற்றியதும் முருகன் “முருக” ஆனார், செல்வன் “செல்வ” ஆனார், பால்ராஜ் மட்டும் தப்பித்தார். திஸ்கியில் ள் 251, ற் 252, ன் 253. அந்த 253தானே இங்கே வேல்யூவைப் பிரிக்கும் குறி! நம்மூர் ஆண்களில் பாதிப் பேரின் பெயர் ன்-இல் முடிகிறது, அத்தனையும் வெட்டுப்பட்டது. ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை. போஸ்ட்கிரெஸ் அதே கோப்பை வாசலிலேயே நிறுத்தி, இது செல்லாத பைட் என்று திருப்பி அனுப்பிவிட்டது. இப்போதைய யூனிகோடு வடிவமான யூடிஎஃப்-8க்கு மாற்றின பிறகு இரண்டும் சமத்தாக வாங்கிக்கொண்டன. யூடிஎஃப்-8இல் 245 முதல் 255 வரையிலான பைட்டுகள் வரவே வராது, ஆகவே குறிகளோடு மோதல் இல்லை. நீளத்தில் மட்டும் கவனம் வேண்டும். முருகன் ஸ்கார்லெட்டுக்கு 21 பைட், போஸ்ட்கிரெஸுக்கு 7 குறி (புள்ளியும் கொம்பும் தனித்தனி), நம் கண்ணுக்கு 4 எழுத்து. அச்சடிக்கும் சீட்டில் பத்திக்குப் பத்தி நேராக நிற்காததற்கு இதுதான் காரணம், பிரின்டரைத் திட்டிப் பயனில்லை.

சில்லறைத் தொல்லைகள் சில. மல்ட்டிவேல்யூவில் தேதி என்பது 1967 டிசம்பர் 31ஐச் சுழியாக வைத்து எண்ணும் நாள் கணக்கு. உள்ளே குழப்பமே இல்லை. ஆனால் திரையில் அமெரிக்க வழக்கப்படி மாதம் முன்னால் வந்தால் 05/09 எந்த நாள் என்று அடிதடி வரும், அந்த அமைப்பை முதலிலேயே மாற்றிவிடுங்கள். சீட்டு எண் 9க்கு முன்னால் 10 வந்து நின்றால் டிக்‌ஷனரியில் எல் (இடப்பக்கம் ஒட்டி) என்று இருப்பதை ஆர் (வலப்பக்கம் ஒட்டி) ஆக்குங்கள். யூனிவெர்ஸ் என்ற மல்ட்டிவேல்யூ டேட்டாபேஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: டைனமிக் கோப்பு என்பது உண்மையில் ஒரு டைரக்டரி, அதற்குள் புள்ளியில் தொடங்கும் .டைப்30 என்ற மறைந்த கோப்பு உண்டு. ஒரு முறை நட்சத்திரக் குறி போட்டு உள்ளே இருந்ததை மட்டும் நகல் எடுத்தேன், அது விட்டுப்போனது. மறுநாள் கோப்பு திறக்கவில்லை. டைரக்டரியோடு சேர்த்துத்தான் நகல் எடுக்க வேண்டும்.

மச்சானுக்குக் கடைசியில் போஸ்ட்கிரெஸ்தான் போட்டுக் கொடுத்தேன். எனக்கு மல்ட்டிவேல்யூவில் பாதி நாளில் முடிந்த வேலை அதில் இரண்டரை நாள் இழுத்தது, அது வேறு. ஆனால் நான் ஊரில் இல்லாத நாளில் ராத்திரி ரெண்டு மணிக்கு ஏதாவது நின்றுபோனால், போஸ்ட்கிரெஸ் தெரிந்த பையன் ஒருவனாவது வடசேரிப் பக்கம் கிடைப்பான். ரீட்யூ தெரிந்தவனை எங்கே போய்த் தேடுவது? என் பிழைப்பு நடக்கிற சிஸ்டத்தைப் பற்றிக் கேட்டால் இதற்கு நேர் எதிராகச் சொல்வேன். பல வருடக் கணக்கும் டிக்‌ஷனரியும் உள்ளே ஓடும்போது, மேலே சொன்ன நாலைந்து ஓட்டைகளை அடைப்பதற்காக மொத்தத்தையும் எஸ்க்யூஎல்லுக்குப் பெயர்க்கச் சொல்கிறவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுவேன், போஸ்ட்கிரெஸ் அந்தத் திஸ்கி கோப்பை நிறுத்தியதுபோல.

மச்சான் இப்போதும் முதலில் காகிதச் சீட்டில்தான் எழுதுகிறான், ஏற்றுவது வெயில் ஏறின பிறகு.