டிஸ்சார்ஜ் ஆன பிறகு: கீழ்ப்பாக்கமா, உள்ளூரா?

கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தில் சிகிச்சை முடிந்து ஊர் திரும்பியவர், மாத்திரைக்கு மாதாமாதம் சென்னைக்கே போகலாம். பழைய கோப்பு அங்கேயே இருக்கும், நோயின் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டாம். ஆனால் விழுப்புரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து போய்வந்தால் அன்றைய கூலி போச்சு, துணைக்கு வருபவரின் கூலியும் சேர்த்து. அப்புறம் ஒரு மாதம் தள்ளிப்போகும், மாத்திரை நிற்கும், நோய் திரும்பும்.

மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் குறிப்பிட்ட நாட்களில் தாலுகா மருத்துவமனைக்கு வருகிறார். பக்கம், இலவசம். நான் இதைத்தான் சொல்வேன். குறை ஒன்று: டிஸ்சார்ஜ் விவரம் அவருக்குப் போய்ச் சேராமலே இருந்துவிடலாம். டிஸ்சார்ஜ் செய்யும் மருத்துவரை, அடுத்துப் பார்க்கப்போகும் மருத்துவரிடமும் கலந்து பேசச் சொல்கிறது 2017 மனநலச் சட்டத்தின் 98-ஆம் பிரிவு. கிளம்பும்போதே அதைக் கேளுங்கள், சீட்டைக் கையில் வாங்குங்கள். இடையில் தடுமாறினால் அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவையான டெலி மனஸ் எண் 14416.