முழு முட்டியா, பாதி முட்டியா, எலும்பை நிமிர்த்துவதா?

"ரோபோட்டிக்ல பண்ணலாமா, சாதாரணமாவே பண்ணிக்கலாமா?"

முட்டி ஆபரேஷன் என்று முடிவான குடும்பங்கள் பெரும்பாலும் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். நான் பிசியோதெரபிஸ்ட். ஆபரேஷனுக்கு முன்பும் பின்பும் இவர்களோடு நிறைய நேரம் செலவிடுகிறேன். என்னைக் கேட்டால் இது கடைசியாக வரவேண்டிய கேள்வி. தேய்ந்திருப்பது முட்டியின் எந்தப் பக்கம், மற்ற பக்கங்கள் நன்றாக இருக்கின்றனவா என்பதுதான் முதல் கேள்வி. எதற்கு ஆபரேஷன், என்ன ஆபரேஷன் என்பதெல்லாம் அந்த விடையில்தான் இருக்கிறது.

முட்டியில் எடை தாங்கும் இடங்கள் இரண்டு: உள்பக்கம், வெளிப்பக்கம். முட்டிச் சில்லுக்குப் பின்னால் மூன்றாவதாக ஓர் இடம். நம் மக்களில் பெரும்பாலோருக்கு முதலில் தேய்வது உள்பக்கம். அங்கே குருத்தெலும்பு குறையக் குறைய கால் வெளியே வளைகிறது. வளைய வளைய உடம்பின் பாரம் இன்னும் அதிகமாக உள்பக்கத்திலேயே விழுகிறது. ஒரு பக்கம் தேய்ந்த செருப்பு மேலும் அந்தப் பக்கமே தேய்கிற கதைதான். இந்த நிலையில் வருகிறவர்களுக்கு மூன்று வழிகள் உண்டு. நடைமுறையில் பலருக்குச் சொல்லப்படுவது ஒன்றே ஒன்று: "முட்டியை மாத்திடலாம்."

முழு மூட்டு மாற்று

தொடை எலும்பின் நுனியையும் கால் எலும்பின் தலையையும் சீவி, மேலே ஓர் உலோகத் தொப்பி, கீழே ஒரு உலோகத் தட்டு, நடுவில் பாலிஎத்திலீன் துண்டு. 1974-ல் நியூயார்க்கின் ஹாஸ்பிடல் ஃபார் ஸ்பெஷல் சர்ஜரியில் ஜான் இன்சால், இந்தியாவில் பிறந்த சித்ரஞ்சன் ரணாவத், பீட்டர் வாக்கர் மூவரும் கொண்டுவந்த 'டோட்டல் காண்டிலர்' மூட்டின் வாரிசுகள்தான் இன்று பொருத்தப்படுபவை. இதன் பெரிய பலம் ஆயுள். ஆஸ்திரேலியா, ஃபின்லாந்து நாடுகளின் மூட்டு மாற்றுப் பதிவேடுகளை வைத்து 2019-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வின்படி, முழு மூட்டுகளில் சுமார் 82 சதவீதம் 25 ஆண்டுகள் தாக்குப்பிடிக்கின்றன.

மூன்று இடங்களும் தேய்ந்தவர்கள், முடக்குவாதத்தால் மூட்டு கெட்டவர்கள், கால் மிகவும் வளைந்து நீட்டவே முடியாதவர்கள் ஆகியோருக்கு இதற்கு ஈடே இல்லை. பத்தடி நடக்கச் சுவரைப் பிடித்தவர்கள் மார்க்கெட்டுக்குப் போய் வருவதை நான் நிறையப் பார்க்கிறேன்.

ஆனால் ஆபரேஷனுக்கு முன் யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயங்கள் சில உண்டு. தழும்பின் வெளிப்பக்கம் உள்ளங்கை அளவு இடம் மரத்துப்போகும், பலருக்கு அது முழுதாகத் திரும்பாது. முழங்காலிட்டு ஜெபிப்பவர்களும் தொழுகைக்கு மண்டியிடுபவர்களும் அந்த இடத்தில் பாரம் கொடுக்கப் பயப்படுவார்கள். இண்டியன் டாய்லெட்டையும் சம்மணத்தையும் விட்டுவிடும்படி டாக்டர்களே சொல்வார்கள். நன்றாகச் செய்யப்பட்ட ஆபரேஷனுக்குப் பிறகும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் முழுத் திருப்தி இல்லாமல் இருக்கிறார் என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பப் பார்த்த கணக்கு.

வயதும் முக்கியம். பிரிட்டனில் 2017-ல் வெளியான கணக்கில், 70 வயதுக்கு மேல் மூட்டு மாற்றியவர்களில் வாழ்நாளில் இன்னொரு ஆபரேஷன் தேவைப்படுபவர்கள் சுமார் 5 சதவீதம்தான். ஐம்பதுகளின் தொடக்கத்தில் மாற்றிக்கொண்ட ஆண்களுக்கோ அது 35 சதவீதம் வரை போகிறது. இரண்டாம் முறை மாற்றுவது முதல் முறையைப் போல் சுலபமல்ல. எலும்பு குறைந்திருக்கும், இம்ப்ளான்ட் பெரிது, செலவும் பெரிது.

பாதி மூட்டு மாற்று

எனக்கு மிகவும் அக்கறை உள்ள இடம் இது. உள்பக்கம் மட்டும் தேய்ந்து, வெளிப்பக்கக் குருத்தெலும்பும், முட்டிக்குள் இரண்டு எலும்புகளையும் பிணைக்கும் ஏ.சி.எல். தசைநாரும் நன்றாக இருந்தால், தேய்ந்த பக்கத்தை மட்டும் மாற்றினால் போதும். ஆக்ஸ்ஃபோர்டின் ஜான் குட்ஃபெலோவும் பொறியாளர் ஜான் ஓ'கானரும் 1970-களில் உருவாக்கிய மூட்டு இதில் பெயர்பெற்றது. தசைநார்கள் அப்படியே இருப்பதால் மூட்டு தன் இயல்பிலேயே அசைகிறது. வெட்டு சிறிது, ரத்த இழப்பு குறைவு, எழுந்து நடப்பதும் சீக்கிரம்.

வித்தியாசம் என் கைக்கே தெரியும். முழு மூட்டு மாற்றியவருக்கு முதல் வாரத்தில் முட்டியை 90 டிகிரி மடக்க வைப்பதற்குள் அவருக்கும் வியர்க்கும், எனக்கும் வியர்க்கும். பாதி மூட்டு மாற்றியவர் பல சமயம் கட்டிலோரம் உட்கார்ந்து தானே காலைத் தொங்கவிட்டு மடக்கிக் காட்டுவார். கோயில் வாசலில் தரையில் உட்கார்ந்தே பூக்கட்டும் ஓர் அக்காவுக்கு உள்பக்கம் மட்டும்தான் போயிருந்தது. முழு மூட்டு மாற்றினால் தொழிலே போய்விடும் என்று அழுதவர். பாதி மூட்டு பொருத்தி, முதலில் ஸ்டூல், பிறகு மணைப்பலகை என்று கொஞ்சம் கொஞ்சமாக உயரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தோம். இப்போது மணைப்பலகையில் காலை நீட்டியபடி உட்கார்ந்து கட்டுகிறார்.

சரி, எதிர்த்தரப்பையும் கேட்போம். முன்பு சொன்ன 25 ஆண்டுக் கணக்கில் பாதி மூட்டு நிற்பது 70 சதவீதம்தான். இங்கிலாந்து, வேல்ஸ் பதிவேட்டில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான நோயாளிகளை ஒப்பிட்டு 2014-ல் லான்செட்டில் வந்த கணக்கில், 8 ஆண்டுகளில் மூட்டைத் திரும்ப மாற்ற வேண்டிவந்தது முழு மூட்டைப்போல் இரு மடங்குக்குச் சற்று மேல். பல சர்ஜன்கள் இதைக் காட்டித்தான் பாதி மூட்டை ஒதுக்குகிறார்கள். அதே ஆய்வின் மறுபக்கத்தையும் படிக்க வேண்டும்: முழு மூட்டு மாற்றும் 100 பேருக்குப் பதிலாகப் பாதி மூட்டு மாற்றினால், முதல் 4 ஆண்டுகளில் மறு ஆபரேஷன் சுமார் மூன்று கூடும், மரணம் சுமார் ஒன்று குறையும். தராசின் எந்தத் தட்டுக்குக் கனம் தருவது என்று குடும்பம் யோசிக்க வேண்டிய எண்கள் இவை. அதோடு, பாதி மூட்டு வலித்தால் "முழுசா மாத்திடலாம்" என்ற வழி திறந்தே இருப்பதால் சர்ஜன்கள் சீக்கிரம் கைவைக்கிறார்கள். முழு மூட்டு வலித்தால் தயங்குகிறார்கள். இரு மடங்கு என்பதில் இதற்கும் பங்கு உண்டு.

இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திய சோதனையும் நடந்திருக்கிறது. பிரிட்டனின் 27 மருத்துவமனைகளில் 528 பேரை வைத்து நடந்த டாப்காட் ஆய்வின் 5 ஆண்டு முடிவு 2019-ல் வந்தது. வலியிலும் நடமாட்டத்திலும் இரண்டும் சமம், செலவில் பாதி மூட்டு லாபம். உள்பக்கம் மட்டும் தேய்ந்தவர்களுக்கு இதையே முதல் தேர்வாக வைக்கலாம் என்று முடித்தார்கள்.

ஒரே ஒரு நிபந்தனை, கைப்பழக்கம். தான் செய்யும் முட்டி மாற்றுகளில் ஐந்தில் ஒரு பங்காவது பாதி மூட்டாக இருக்கும் சர்ஜன்களிடம் தோல்வி குறைகிறது என்று அதே இங்கிலாந்து, வேல்ஸ் பதிவேடு காட்டியது. அதனால் டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்: "நீங்க பண்ற முட்டிகள்ல பாதி மூட்டு எத்தனை சார்?" கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. எப்போதோ ஒன்று செய்கிறவர் என்றால், அவரிடம் முழு மூட்டே செய்துகொள்வது பாதுகாப்பு, இல்லையென்றால் வேறு சர்ஜனைப் பாருங்கள்.

எலும்பை நிமிர்த்துவது

ஹெச்.டி.ஓ. (ஹை டிபியல் ஆஸ்டியாட்டமி) என்பார்கள். மூட்டைத் தொடுவதே இல்லை. முட்டிக்குச் சற்றுக் கீழே கால் எலும்பை உள்பக்கத்திலிருந்து வெட்டி, வெளிப்பக்கம் ஒரு சென்டிமீட்டர் அளவு எலும்பை விட்டுவைத்து, வெட்டிய வாயைச் சில மில்லிமீட்டர் திறந்து பிளேட்டும் ஸ்க்ரூவும் போட்டு நிறுத்துவார்கள். கால் நேராகும். தேய்ந்த பக்கத்தில் விழுந்த பாரம் நல்ல பக்கத்துக்கு நகரும்.

நாற்பதுகளில், ஐம்பதுகளின் தொடக்கத்தில் இருக்கும் கொத்தனார், விவசாயி, மூட்டை தூக்குபவர் ஆகியோருக்கு முதலில் பேச வேண்டியது இதைப் பற்றித்தான். சொந்த மூட்டு என்பதால் சாரம் ஏறலாம், வயலில் இறங்கலாம், குத்துக்காலிட்டு உட்காரலாம். பத்து, பதினைந்து ஆண்டு கழித்துத் தேவைப்பட்டால் முழு மூட்டு அப்போது இருக்கவே இருக்கிறது.

விலை பொறுமை. எலும்பு கூட மூன்று மாதம், சிலருக்கு ஆறு மாதம். அதுவரை கூலி வேலை கிடையாது, ஆரம்பத்தில் வாக்கர்தான். பீடி, சிகரெட் பிடிப்பவருக்கு எலும்பு கூடுவது தள்ளிப்போகும். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. பிறகு பிளேட் உறுத்தினால் அதை எடுக்க இன்னொரு சிறு ஆபரேஷன். வெளிப்பக்கமும் தேய்ந்தவருக்கும் முடக்குவாதக்காரருக்கும் இது வேலைக்கு ஆகாது.

கத்தியே வேண்டாமென்றால்

துளை போட்டு மூட்டைக் கழுவும் ஆர்த்ரோஸ்கோபியை தேய்மானத்துக்காக ஒப்புக்கொள்ளாதீர்கள். ஹூஸ்டனில் 180 பேரிடம் நடத்திய சோதனையில், தோலை மட்டும் கீறி மூடிய பொய் ஆபரேஷனுக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை என்று 2002-லேயே நிரூபித்துவிட்டார்கள். நோயாளியின் ரத்தத்திலிருந்தே பிரித்துப் போடும் பி.ஆர்.பி. ஊசியும் 2021-ல் ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் உப்புநீர் ஊசியைத் தாண்டவில்லை.

உடற்பயிற்சியும் எடைக் குறைப்பும் அப்படியல்ல. டென்மார்க்கில் முழு மூட்டுக்குத் தகுதியான 100 பேரைப் பாதிப் பாதியாகப் பிரித்த ஆய்வு 2015-ல் வந்தது. ஆபரேஷன் செய்தவர்களுக்கு வலி அதிகம் குறைந்தது, மோசமான பக்கவிளைவுகளும் அவர்களுக்கே அதிகம். பயிற்சிப் பிரிவில் நான்கில் மூவர் ஓர் ஆண்டு வரை ஆபரேஷனுக்கே போகவில்லை. மூன்று மாதம் தொடைத் தசையை ஒழுங்காக வலுப்படுத்தாமல் யாரும் டேபிளில் படுக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இனி ரோபோ

ரோபோ என்பது நான்காவது வழி அல்ல. முழு மூட்டையோ பாதி மூட்டையோ பொருத்த உதவும் கருவி. இன்று பரவலாக உள்ளவற்றில் முன்கூட்டி எடுத்த சி.டி. ஸ்கேனையோ ஆபரேஷனின்போது எடுத்த அளவுகளையோ வைத்து, திட்டமிட்ட எல்லைக்குள் வெட்டு அமையும்படி அது பார்த்துக்கொள்கிறது. சர்ஜன் அங்கேயேதான் நிற்கிறார். வெட்டின் துல்லியம் கூடுவது உண்மை. அந்தத் துல்லியம் நோயாளியின் வாழ்க்கையில் தெரிகிறதா? தென் கொரியாவில் 1,400 பேருக்கு மேல் சேர்த்து, பத்தாண்டுக்கு மேல் பின்தொடர்ந்து 2020-ல் வந்த சோதனையில், ரோபோ செய்த முட்டிக்கும் கையால் செய்த முட்டிக்கும் வலியிலோ ஆயுளிலோ வித்தியாசம் இல்லை. அது பழைய தலைமுறை ரோபோ, உண்மைதான். ஆனால் புதியவற்றுக்கு இன்னும் அத்தனை ஆண்டு வயதாகவில்லை. கூடுதல் பணம் தாராளமாக இருந்தால் செய்துகொள்ளுங்கள். தாலியை அடகுவைத்துச் செய்ய வேண்டியதில்லை.

பணம் என்றதும் ஒன்று. 2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் முட்டி இம்ப்ளான்டுகளுக்கு உச்சவரம்பு வைத்தது. சராசரியாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்ற கோபால்ட் குரோமியம் மூட்டு 54,720 ரூபாய்க்கு வந்தது, ஜி.எஸ்.டி. தனி. அறை வாடகைக்கும் சர்ஜன் கட்டணத்துக்கும் ரோபோ கட்டணத்துக்கும் அந்த வரம்பு கிடையாது. ஆகவே 'பேக்கேஜ்' என்று மொத்தமாகச் சொன்னால் இம்ப்ளான்ட் விலையைத் தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் மூட்டு மாற்று செய்யப்படுகிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் எலும்பு முறிவுப் பிரிவில் விசாரிக்காமல் கடன் வாங்கப் போகாதீர்கள்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது நின்றபடி எடுத்த எக்ஸ்ரே இருக்கட்டும். படுக்க வைத்து எடுத்ததில் இடைவெளி இருப்பதுபோல் தெரியும், நின்றால்தான் உண்மை தெரியும். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஒரே படமாக எடுத்தால் பாரம் விழும் கோடும் தெரிந்துவிடும். அந்தப் படத்தைக் காட்டி, "வெளிப்பக்கம் நல்லா இருக்கா டாக்டர், ஏ.சி.எல். இருக்கா?" என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஆம் என்று பதில் வந்தும் முழு மூட்டுதான் என்றால், காரணத்தைக் கேட்டுக்கொண்டு, படத்தை எடுத்துக்கொண்டு இன்னொரு சர்ஜனிடம் போய்க் காட்டுங்கள்.