வீட்டில் செய்த சுருட்டு உருட்டும் பலகை: எவ்வளவு உதவுகிறது?

சுருட்டின் உட்பகுதியை உருட்டிக் கட்டித் தரும் லீபர்மன் வகைக் கைக்கருவியை வீட்டிலேயே செய்ய ஒரு பலகை, ரெக்சின் விரிப்பு, 12 மி.மீ. மர உருளை போதும். விரிப்பின் இரு முனைகளையும் பலகையில் பொருத்தி, நடுவில் தொய்வு விடுங்கள். சுருட்டின் பருமனைத் தீர்மானிப்பது அந்தத் தொய்வுதான். அதனால் ஒரு முனையை ஆணியடித்துவிடாதீர்கள். விங் நட் (கையால் திருகும் மரை) போட்டால் அளவை மாற்றலாம். சுருட்டின் பருமனை அங்குலத்தில் 64-இல் ஒரு பங்காக எண்ணுவார்கள்; 50 எண் பருமன் என்றால் 50/64 அங்குலம், ஏறக்குறைய 20 மி.மீ.

தொய்வில் உள்ளிலையை (உள்ளே நிரப்பும் புகையிலை) வைத்து, அதற்கு முன்னால், அதைச் சுற்றிக் கட்டும் இலையைச் சாய்வாக விரித்து, விரிப்புக்கு அடியிலுள்ள உருளையைச் சீராகத் தள்ள வேண்டும். இதில் கருவி அருமையாக உழைக்கிறது: கட்டு நேராக, ஒரே பருமனில் வருகிறது.

பழுது பெரும்பாலும் இலையில்தான். காய்ந்த இலை வெடிக்கும். ஈரம் மிகுந்தால் புகை இழுபடாது. நடுநரம்பை உரிக்காவிட்டாலும், நடுவில் இலையைக் குவித்தாலும் அடைப்புதான். தளர்ந்த கட்டோ சூடாக, வேகமாக எரியும்.

கட்டின் மேல் கடைசியாகச் சுற்றும் மேலிலைக்கு இந்தக் கருவி உதவாது. அது கை வேலை; நுனியை ஒட்டக் குவார் கோந்து (கொத்தவரை விதைப் பசை) போதும். திண்டுக்கல், உறையூர்ச் சுருட்டுத் தொழிலாளர்களின் விரல் பக்குவத்துக்கு மாற்று இல்லை. ஆனாலும் புதிதாகப் பழகுபவர்களுக்கு இந்தப் பலகையைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம்.